கிங் கிஸர்ட் பேண்டோட லைவ் டேப்புங்க: சேலத்து மைக் செட்டுக்காரன் ரிவ்யூ

மொதல்லயே சொல்லிடுறேன், இது ஒரு ஆல்பத்துக்கு எழுதுற ரிவ்யூ இல்லீங்க. ஒரு பேண்ட் மேடையில வாசிச்சதையெல்லாம் அள்ளி அள்ளி நெட்ல போட்டு, கேட்டுக்கோ, எறக்கிக்கோ, காப்பி போட்டுக்கோ, முடிஞ்சா ரெக்கார்டா அடிச்சு வித்துக்கோன்னு விட்டிருக்காங்களே, அந்த மொத்த ஏற்பாட்டுக்கும் சேத்து எழுதுறேன். பேண்ட் பேரு கிங் கிஸர்ட் அண்ட் தி லிஸர்ட் விஸர்ட். ஆமா, முழுப் பேரே அதான், நான் எதையும் சேக்கல. ஆஸ்திரேலியாவுல மெல்போர்ன்காரங்க, 2010ல ஆரம்பிச்சது, இப்ப ஆறு பேரு, ஸ்டூ மெக்கென்சிங்கிறவர்தான் முன்னாடி நிக்கிறவர், கிட்டாரும் அவர்தான், திடீர்னு புல்லாங்குழலும் அவர்தான்.

கிறுக்குப் பசங்கன்னு சொன்னா கோவிச்சுக்க மாட்டாங்கன்னு நெனைக்கிறேன். 2017ல ஒரே வருஷத்துல அஞ்சு ஆல்பம் போட்டாங்க. 2022ல திரும்பவும் அஞ்சு, அதுல மூணு அக்டோபர் ஒரு மாசத்துக்குள்ளயே. 2016ல போட்ட ஒரு ஆல்பத்துல கடைசிப் பாட்டு முடியிற எடம் மொதப் பாட்டு ஆரம்பிக்கிற எடத்தோட ஒட்டிக்கும், ரிப்பீட்ல போட்டுட்டு தூங்கிட்டா காலைல வரைக்கும் ஓடிட்டே இருக்கும். ஒரு வருஷம் மெட்டல், ஒரு வருஷம் வெறும் சின்தசைசர், 2025ல ஆர்க்கெஸ்ட்ரா வெச்சு ஒண்ணு. இதுலயே ஸ்டூடியோ ஆல்பம் 27 ஆயிருச்சு. எந்த வகைப் பாட்டுன்னு யாராவது கேட்டா நான் பதில் சொல்றத விட்டு ரொம்ப நாளாச்சு.

ஆனா எனக்கு இவங்க ஸ்டூடியோ ஆல்பத்த விட லைவ் டேப்புதான் முக்கியம், ஏன்னு சொல்றேன். எங்கப்பா சேலத்துல குகைங்கிற ஏரியாவுல மைக் செட் வெச்சிருந்தவரு. ஆடி மாசம் வந்தா எங்க வீட்ல யாரும் தூங்க மாட்டோம், கோட்டை மாரியம்மன் பண்டிகை, குகை வண்டி வேடிக்கை, நடுவுல ரெண்டு மூணு ஆர்க்கெஸ்ட்ரா, பம்பைக்காரங்க, எல்லாத்துக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டி வயர் இழுத்து ஆம்ப்ளிஃபயர் பக்கத்துலயே பாயப் போட்டு படுத்து வளந்தவன் நான். மேடையில நடக்குறது என்ன, கடைசில ரெக்கார்டுல கேக்குறது என்னன்னு ரெண்டுக்கும் உள்ள தூரம் எனக்குத் தெரியும். இந்தப் பசங்க அந்தத் தூரத்த மறைக்கல. அதான் விஷயமே.

இப்ப எங்கெங்க என்னென்ன கெடைக்குதுன்னு பாப்போம். மூணு வழி இருக்கு.

மொத வழி யூடியூப். 2024 அமெரிக்கா டூர்ல ஷோவ எல்லாம் ஃப்ரீயா லைவ் ஸ்ட்ரீம் பண்ணாங்க, டிக்கெட் கெடையாது ஒண்ணும் கெடையாது. அங்க கிழக்குக் கரையில ராத்திரி எட்டு மணின்னா இங்க விடிகாலை அஞ்சரை, மேற்குக் கரைன்னா காலைல எட்டரை. அதனால நமக்கு இது ராத்திரிக் கச்சேரி இல்ல, பால் பாக்கெட் எடுக்குற நேரத்துக் கச்சேரி. அடுப்புல காபி கொதிக்குது, போன்ல ஆயிரக்கணக்குல ஜனம் ஆடிட்டு இருக்கு, எங்கம்மா வந்து எட்டிப் பாத்துட்டு "காலங்காத்தால எவன்டா இந்தக் கத்து கத்துறான், சுப்ரபாதம் போடுறா"ன்னு சொல்லிட்டுப் போச்சு. நியாயம்தான். இவங்க மெட்டல் பாட்டெல்லாம் காலை அஞ்சரைக்கு கேக்குற சமாச்சாரமே இல்ல.

ரெண்டாவது வழி பேண்ட்கேம்ப், பாட்டுக்காரங்க நேரா ரசிகனுக்கு விக்கிற சைட். அங்க ஊர் பேரும் வருஷமும் போட்டு லைவ் ஆல்பமா வெச்சிருக்காங்க. இதெல்லாம் பெருசா சூடு பிடிச்சது 2020 ஜனவரியில, ஆஸ்திரேலியாவுல காட்டுத்தீ எரிஞ்சப்ப. அதுக்கு முந்தின வருஷம் அடிலெய்டு, பாரிஸ், பிரஸ்ஸல்ஸ்ல வாசிச்ச ஷோவ எல்லாம் வெளிய விட்டு வந்த காச காட்டுத்தீ நிவாரணத்துக்கு குடுத்தாங்க. கொரோனா வந்து டூர் எல்லாம் நின்னதும் பழைய டேப்ப தூசி தட்டி எடுத்துப் போடுறது இன்னும் ஜாஸ்தியாச்சு. அப்புறம் 2025 ஜூலையில ஸ்பாட்டிஃபைல இருந்து மொத்தமா வெளிய வந்துட்டாங்க, அதோட தலைவர் டேனியல் ஏக் ராணுவத்துக்கு ஏஐ செய்யிற கம்பெனியில காசு போட்டிருக்காருன்னு கோவம். வெளிய வந்ததும் பேண்ட்கேம்ப்ல அவங்க ஆல்பத்துக்கெல்லாம் வெலைய உங்க இஷ்டம்னு மாத்துனாங்க, பூஜ்யம்னு அடிச்சாக்கூட எறங்குச்சு.

மூணாவது வழிதான் எனக்குப் புடிச்சது, பூட்லெக்கர்னு அவங்க சைட்லயே ஒரு பக்கம். அதுல லைவ் ஷோ, வீட்ல உக்காந்து பண்ணின டெமோ எல்லாம் கெடக்கும், எறக்கிட்டு நீங்களே கேசட்டா சிடியா வினைலா அடிச்சு விக்கலாம், அடிச்சதுல கொஞ்சம் எங்களுக்கும் அனுப்பி வெய்யி, நாங்களும் விக்கிறோம்ங்கிறதுதான் டீல். இந்த யோசனை 2017 நவம்பர்லயே வந்தாச்சு, அந்த வருஷம் போட்ட பாலிகாண்ட்வானாலேண்ட்ங்கிற ஆல்பத்த அப்புடியே ஃப்ரீயா விட்டு மாஸ்டர் ஃபைல், அட்டைப் படம் எல்லாத்தையும் குடுத்து யார் வேணா அடிச்சுக்கோங்கன்னுட்டாங்க. உலகம் பூரா சின்னச் சின்ன ரெக்கார்ட் கம்பெனிங்க ஆளாளுக்கு ஒரு கலர்ல அடிச்சுத் தள்ளுனாங்க, இன்னைக்கும் அத மட்டுமே சேக்குறவங்க இருக்காங்க. நம்ம ஊர்ல அந்தக் காலத்துல ரெக்கார்டிங் சென்டர்னு ஒண்ணு இருக்கும்ல, ஒரு பேப்பர்ல பாட்டு லிஸ்ட் எழுதிக் குடுத்தா தொண்ணூறு நிமிஷ கேசட்ல பதிஞ்சு குடுப்பாங்க, போலீஸ் வந்தா ஷட்டர எறக்கிருவாங்க, அந்தக் கடைய பாட்டுக்காரனே வந்து தெறந்து வெச்சு ஒக்காருப்பான்னு சொன்னா எப்புடி இருக்கும், அதான் இது.

இத இவங்கதான் கண்டுபிடிச்சாங்கன்னு சொல்ல மாட்டேன். அமெரிக்காவுல கிரேட்ஃபுல் டெட்னு ஒரு பேண்ட் 1984லயே டேப் எடுக்குறவங்களுக்குன்னு ஹால்ல தனி எடம் ஒதுக்கி டிக்கெட் வித்தாங்க, பெரிய ஸ்டாண்டுல மைக்க ஏத்தி வெச்சு ரசிகனே ரெக்கார்ட் பண்ணி இன்னொருத்தனுக்கு தபால்ல அனுப்புவான், காசு வாங்கக் கூடாதுங்கிறது மட்டும்தான் கண்டிஷன். அந்த டேப்பெல்லாம் சேந்துதான் 2002க்கு அப்புறம் இன்டர்நெட் ஆர்கைவ்ல லைவ் மியூசிக்னு தனிப் பிரிவா வளந்து நிக்குது. கிஸர்ட் பசங்க அதுக்கு ஒரு படி மேல போயி வித்துக்கோன்னும் சொல்லிட்டாங்க, அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, சவுண்டு எப்புடி? இங்கதான் எனக்கு நாக்கு நீளும்.

லைவ் ரெக்கார்டிங்ல ரெண்டு ஜாதி இருக்கு. ஒண்ணு எல்லா மைக்கும் வந்து சேர்ற மிக்ஸர் பொட்டியில இருந்து நேரா வயர் எடுக்குறது, இன்னொண்ணு ஜனத்துக்கு நடுவுல மைக் வெச்சுப் புடிக்கிறது. மிக்ஸர்ல எடுத்தா சுத்தமா இருக்கும்னு எல்லாரும் நெனைக்கிறாங்க, பாதிதான் உண்மை. சின்ன ஹால்ல கிட்டார் ஆம்ப்பும் டிரம்ஸும் தன்னால காதக் கிழிக்கும், அதனால அத ஸ்பீக்கர் வழியா ஏத்த மாட்டோம், பாடுறவன் கொரல மட்டும்தான் ஏத்துவோம். அப்ப மிக்ஸர்ல இருந்து எடுத்த டேப்ல என்ன இருக்கும்? பாடுறவன் காதுக்குள்ள வந்து கத்துவான், டிரம்ஸ் பக்கத்துத் தெருவுல கேக்கும். எங்க ஊர் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எங்கப்பா எடுத்த கேசட்டெல்லாம் அப்புடித்தான், பாட்டுக்காரம்மா மூச்சு விடுறது கூட கேக்கும், தபேலா எங்கன்னு தேடணும். ஜனத்துக்கு நடுவுல புடிச்சா அந்த எடத்தோட காத்து, கைதட்டு, எக்கோ எல்லாம் வரும், கூடவே பக்கத்துல நிக்கிறவன் போன்ல பேசுறதும் வரும்.

இவங்களோட பெரிய லைவ் ஆல்பத்துல ஒவ்வொரு மைக்கையும் தனித்தனி டிராக்கா எடுத்து அப்புறம் உக்காந்து மிக்ஸ் பண்ணிருக்காங்கன்னு காதுக்கே தெரியுது, ஜன சத்தத்துக்கும் தனி மைக் போட்டிருப்பாங்க போல. ஆனா பாலிஷ் போட்டுத் தேய்க்கல. பாட்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஆம்ப்ல ம்ம்னு ஒரு ஹம் ஓடும் பாருங்க, அது இருக்கு. குச்சிய நாலு தட்டு தட்டி டிரம்மர் ஆரம்பிக்கிறது இருக்கு. கிட்டார் மாத்துற கேப்புல அவங்களுக்குள்ள கேலி பேசிக்கிறது இருக்கு, ஒரு பாட்டுக்கு நடுவுல இன்னொரு பாட்டோட ரெண்டு வரிய இழுத்து விட்டுட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி திரும்பி வர்றது இருக்கு. வேற பேண்டா இருந்தா இதையெல்லாம் வெட்டித் தள்ளிட்டு கைதட்டு மட்டும் ஒட்டி விட்டிருப்பாங்க. 2019 டேப்பும் 2022 டேப்பும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் கேளுங்க, 2020 வரைக்கும் ரெண்டு டிரம்மரு, அதுக்கப்புறம் ஒருத்தர்தான், மைக்கேல் கேவனா. ரெண்டு பேர் அடிச்சப்ப இருந்த அந்த தடதடப்பு போயிருச்சுதான், ஆனா ஒருத்தரே அடிக்கிறப்ப மத்தவங்க வாசிக்கிறதுக்கு கொஞ்சம் எடம் கெடைக்குது, எனக்கு புதுசுதான் புடிக்குது, சண்டைக்கு வர்றவங்க வரலாம்.

அந்த கிட்டார் மாத்துற விஷயத்துக்கு வர்றேன். இவங்க கிட்ட ஒரு மஞ்ச கலர் கிட்டார் உண்டு, சாதாரண கிட்டார்ல ஒரு ஸ்தாயிக்கு 12 படி, இதுல கழுத்துல குறுக்க பதிக்கிற ஃப்ரெட்ட நடுநடுவுல கூடுதலா வெச்சு கால் சுரம் வரைக்கும் வாசிக்கிற மாதிரி செஞ்சது. துருக்கிக்காரங்களோட பக்லமாங்கிற வாத்தியத்தப் பாத்து வந்த ஆசை. 2017ல அதுக்குன்னே ஒரு ஆல்பம் போட்டாங்க, அதுல சூர்னான்னு ஒரு ஊதுற வாத்தியமும் வரும். வெள்ளக்காரங்க எழுதுற ரிவ்யூல எல்லாம் இத ஏதோ வேத்து கிரகத்துச் சத்தம் மாதிரி எழுதுறாங்க. எங்கப்பாவுக்குப் போட்டுக் காட்டுனேன், ஒரு நிமிஷம் கேட்டாரு, "நாயனக்காரன் சீவாளிய நனைக்காம ஊதுறான்டா"ன்னாரு. உண்மையில சூர்னாவும் நம்ம நாயனமும் ஒரே குடும்பம்தான், ரெண்டுக்கும் வாயில வெக்கிறது ரெட்டை நாக்கு சீவாளிதான். சேலத்துல ஆடி மாசம் பூரா நாயனமும் பம்பையும் கேட்டு வளந்த காதுக்கு அந்தக் கால் சுரம் ஒண்ணும் விசேஷமா படல, சொல்லப் போனா மத்தப் பாட்டவிட அதுதான் சட்டுனு ஒட்டுச்சு. இவங்க பேண்ட ஆரம்பிக்கிறவங்களுக்கு நம்ம பக்கத்து ஆளுங்களுக்குன்னு சொல்றேன், அந்த மஞ்ச கிட்டார் வர்ற லைவ் ட்ராக்குல இருந்து ஆரம்பிங்க. மெட்டல் பக்கம் அப்புறம் போய்க்கலாம்.

மொதல்ல எந்த ஷோ எறக்கலாம்னு கேட்டா கண்ண மூடிட்டு ரெட் ராக்ஸ் 2022. அமெரிக்காவுல கொலராடோவுல பாறைக்கு நடுவுல இயற்கையா அமைஞ்ச திறந்தவெளி அரங்கம், கடல் மட்டத்துல இருந்து 1,950 மீட்டருக்கு மேல, நம்ம ஏற்காட்ட விட ஒசரம். அங்க மூணு நைட் வாசிச்சாங்க, ஒவ்வொண்ணும் கிட்டத்தட்ட மூணு மணி நேரம், மூணு நைட்லயும் ஒரு பாட்டு கூட ரெண்டாந்தடவ வரல. யோசிச்சுப் பாருங்க, நம்ம ஆர்க்கெஸ்ட்ராக்காரங்க ஒரே ராத்திரியில அதே குத்துப் பாட்ட மூணு தடவ ஒன்ஸ்மோர் போடுவாங்க.

அத நான் முழுசா கேட்டது ஏற்காட்டுக்குப் போற வழியிலயும் மேலயும்தான். அடிவாரம் செக்போஸ்ட் தாண்டி மொத ஹேர்பின் திரும்பறப்ப போட்டேன், இருபது வளைவு ஏறி ஒண்டிக்கடை வர்றப்ப இன்னும் அஞ்சாறு பாட்டுதான் போயிருக்கு, ஏன்னா ஸ்டூடியோவுல பத்து நிமிஷம் இருக்குறத மேடையில இருபது நிமிஷத்துக்கு இழுக்குறாங்க. கூட வந்த பங்காளி பன்னண்டாவது வளைவுல "டேய் இது இன்னும் அதே பாட்டாடா?"ன்னு கேட்டான். அதே பாட்டுதான். ஆனா அந்த இழுவையில ஒரு கணக்கு இருக்கு, பேஸ் கிட்டார் ஒரே எடத்துல நின்னு சுத்திட்டே இருக்கும், மேல கிட்டார் ரெண்டும் மாத்தி மாத்தி ஒண்ணு கேக்கும் ஒண்ணு பதில் சொல்லும், ஹார்மோனிகா எங்கயோ இருந்து குறுக்க வரும், திடீர்னு எல்லாரும் ஒரே தட்டுல வந்து சேருவாங்க பாருங்க, அது ஒத்திகை பாத்து வர்றதில்ல, ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்து வர்றது. நைட்டெல்லாம் நடக்குற தெருக்கூத்த உக்காந்து பாத்த ஆளுங்களுக்கு இந்தப் பொறுமை தன்னால வந்துரும். மத்தவங்களுக்கு, குறிப்பா மூணு நிமிஷத்துல பாட்டு முடியணும்னு நெனைக்கிறவங்களுக்கு, இது சுத்தமா செட் ஆகாது, பணம் போச்சுன்னு சொல்லக் கூட முடியாது ஏன்னா பணமே குடுத்திருக்க மாட்டீங்க.

ஒண்ணு கவனம், மலைமேல நெட்ட நம்பாதீங்க. எஸ்டேட் பக்கம் போனா சிக்னல் வரும் போகும், சேர்வராயன் கோயில் பக்கம் மஞ்சு எறங்குனா இன்னும் மோசம். கீழ கோரிமேட்டுலயே எறக்கி வெச்சுக்கணும். மூணு மணி நேர ஷோ எம்பி3 நல்ல தரத்துலன்னா 430 எம்பி பக்கம் வரும், தரம் கொறையாத ஃபிளாக் ஃபைல்னா ஒரு ஜிபிக்கு மேல, நம்ம தினசரி டேட்டா ஒரே ஷோவுல காலி. கார் ஸ்பீக்கர்ல, அதுவும் ரெண்டாவது கியர்ல வண்டி கத்திட்டு இருக்குறப்ப, ஃபிளாக்குக்கும் எம்பி3க்கும் வித்தியாசம் கண்டுபிடிச்சேன்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க. வீட்ல நல்ல ஹெட்போன்ல ஜன்னல சாத்திட்டுக் கேட்டா சிம்பல் சத்தத்துல மட்டும் கொஞ்சம் தெரியும்.

இப்ப கொறைங்க.

காசு குடுக்குறதுதான் பெரிய தலவலி. ஃப்ரீயா எறக்கலாம்னாலும் ஒரு நூறு எரநூறாவது குடுப்போம்னு கார்ட போட்டா என் பேங்க் ஃபெயில்டு ஃபெயில்டுன்னு காட்டுது. கஸ்டமர் கேருக்குப் போன் போட்டா வெளிநாட்டுப் பரிவர்த்தனைய ஆன் பண்ணுங்கன்றாங்க, ஆன் பண்ணா ஓடிபி வரல, ஓடிபி வந்தப்ப அந்தப் பக்கம் பேஜ் காலாவதி ஆயிருச்சு, பிராஞ்சுக்கு நேர்ல போனா அந்தம்மா என்ன வாங்குறீங்கன்னு கேட்டாங்க, பாட்டுன்னேன், பாட்டு யூடியூப்ல வருமேன்னாங்க. கடைசில அண்ணன் கார்டுல குடுத்தேன். குடுக்கணும்னு நெனைக்கிறவனுக்கே இவ்வளவு கஷ்டம்னா மத்தவன் எதுக்கு மெனக்கெடப் போறான். டாலர் கணக்கு, அதுக்கு மேல பேங்க் புடிக்கிற கமிஷன்னு நூறு ரூபா குடுக்கப் போயி எக்ஸ்ட்ரா தண்டம் வேற.

ரெண்டாவது, குப்பையா குமிஞ்சு கெடக்கு. ஊர் பேரு வருஷம், ஊர் பேரு வருஷம்னு அட்டை அட்டையா வரிசையா இருக்கு, எது நல்ல நைட் எது சுமார்னு அவங்க சொல்ல மாட்டாங்க, எல்லாம் அவங்க புள்ளைங்கதானே. சில பழைய ஷோவுல பேஸ் எங்கன்னு தேடணும், சில எடத்துல கொரல் ஒடைஞ்சு கர்ருன்னு வருது. டெமோ தொகுப்புல பாதி ரசிகனுக்கு மட்டும்தான், பாட்டு பொறக்குறதுக்கு முன்னாடி முனகல். அதுல நான் ஒண்ணு ரெண்டுக்கு மேல திரும்பிப் போகல.

மூணாவது வினைல். ஆளாளுக்கு அடிச்சு விக்கிறதால தரமும் ஆளாளுக்கு ஒண்ணு, அதுவும் வெளிநாட்டுல இருந்து சேலத்துக்கு வரவழைக்கிறதுன்னா ரெக்கார்ட் வெலைய விட கூரியரும் கஸ்டம்ஸும் ஜாஸ்தி. நமக்கு அது வேண்டாம், ஃபைலே போதும்.

இத எழுதுறப்ப இன்னொண்ணு உறுத்துது. எங்கப்பா அத்தன வருஷம் ஆடிக்கு மைக் கட்டுனாரு, எத்தன பம்பை, எத்தன நாயனம், எத்தன பேர் பாடுனாங்க, வீட்ல இப்ப இருக்குறது ஒரு அட்டப்பொட்டி கேசட்டு, அதுலயும் பாதி பூசணம் புடிச்சு நாடா ஒட்டிக்கிச்சு. வாசிச்சவங்க கிட்ட ஒரு காப்பி கூட இல்ல. இன்னைக்கு கூத்து முழு ராத்திரிக்கும் யூடியூப்ல வருது, வீடியோக்காரங்க போடுறாங்க, நல்லதுதான், ஆனா போன் கேமரா மைக்ல புடிச்ச சத்தம், டிஸ்க்ரிப்ஷன்ல வீடியோக்காரர் நம்பர் இருக்கு, வாத்தியார் பேர் இருக்காது. மிக்ஸர்ல ஒரு பென்டிரைவ் சொருகுற எடம் இப்ப நெறைய மைக் செட்ல இருக்குங்க, அதுல ரெக்கார்ட் பட்டன் கூட பல மாடல்ல இருக்கு. சொருகி வெச்சுட்டு காலைல கூத்து வாத்தியார் கையில குடுத்தா ஆகுற செலவு ஒரு பென்டிரைவ் காசு. மெல்போர்ன்காரன் பண்றதுக்கு நம்மாளு பண்றது ஒண்ணும் கஷ்டமில்ல, எண்ணம்தான் வரணும். நான் இந்த ஆடிக்கு நம்ம தெருவுக்கு வர்ற பம்பைக்காரங்க கிட்ட பேசியாச்சு, சரின்னுட்டாங்க, "எங்களுக்கும் ஒண்ணு குடுத்துருங்ணா"ன்னு மட்டும் கேட்டாங்க.

மார்க் போடச் சொன்னா அஞ்சுக்கு நாலரை. அரை மார்க் வெட்டுனது எது எங்க இருக்குன்னு தேட வெக்கிறதுக்கு. பேங்க் பிரச்சனைக்கு இவங்க மேல மார்க் வெட்ட முடியாது.

சேலத்துல யாருக்காவது வேணும்னா அஞ்சு ரோடு பக்கம் வர்றப்ப பென்டிரைவோட வாங்க, பூட்லெக்கர்ல இருக்குறத காப்பி போட்டுக் குடுக்குறதுக்கு அவங்களே பர்மிஷன் குடுத்திருக்காங்க, நானும் காசு வாங்க மாட்டேன். 16 ஜிபிக்கு கம்மியா கொண்டு வராதீங்க. கார்ல போட்டுக் கேக்குறதுன்னா எம்பி3ன்னு முன்னாடியே சொல்லிடுங்க, பழைய கார் செட்டு நெறைய ஃபிளாக் படிக்காது.